கடலைக்காட்டுப் பனி

தை மாதக் காலையில் கொண்டைக்கடலைக் காட்டுக்குள் வெறுங்காலோடு இறங்கியவர்களுக்குத் தெரியும், அந்தப் பனி சும்மா நனைத்துவிட்டுப் போகாது. முதலில் கணுக்காலுக்கு மேலே குளிரும். கொஞ்ச நேரத்தில் அரிக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்தாற்போல எரியும். செடியைத் தொட்ட விரலை நக்கிப் பார்த்தால் புளிக்கும். “செருப்புப் போட்டுட்டுப் போ கண்ணு, கடலக்காடு காலக் கடிச்சுப்போடும்” என்பார் அம்மிச்சி. அவர் மட்டும் வெறுங்காலோடுதான் போவார்.

உடுமலையை அடுத்த குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் அது. ஐப்பசி மழையை மண் குடித்து முடித்ததும் கடலை விதைப்பார்கள். அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கிடையாது, வாய்க்கால் கிடையாது. மாசியில் செடியைப் பிடுங்கும்வரை மழை வந்தால் வரட்டும் என்ற மட்டில் இருப்பார்கள். பூவெடுத்த பிறகு வந்துவிடக் கூடாதே என்றுதான் பயம். தண்ணீரே காட்டாமல் எப்படி விளைகிறது என்று கேட்டால் ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: பனியிலேயே விளைந்துவிடும். தஞ்சைப் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிற விவசாயியும் இதையேதான் சொல்வார். ஒரு சிறுதானியத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே பனிவரகு.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்வி பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருக்கிறது.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி, மார்கழி விடியலில் சாலையை மறைப்பதும் பனி, புல்லில் பூப்பதும் பனி. வெயில்காட்டு மொழிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. செடியின் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறுபாடு பெரிது. மூடுபனி காற்றிலேயே துளியாகிவிட்ட நீர். காற்று அதைச் சுமந்துவந்து இலையில் மோதுகிறது. நமீபியாவின் கடலோரப் பாலைவனத்தில் உயிர்கள் பலவும் நம்பியிருப்பது அதைத்தான். நான் சொல்ல வரும் பனி காற்றில் ஒருபோதும் துளியாக இருந்ததில்லை. இலையின்மேல்தான் அது முதன்முதலாக நீராகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நெல் இலையின் நுனியில் விடியற்காலையில் முத்துப்போல நிற்கிறதே, அது பெரும்பாலும் பனி அல்ல. இரவில் வேர் உறிஞ்சி மேலேற்றிய நீர், நுனியிலுள்ள துளைகள் வழியே கசிந்து நிற்பது. பனி இலைப்பரப்பு முழுவதும் மெல்லிய வெள்ளிப் பூச்சாகப் படியும். நுனியில் மட்டும் வரிசை கட்டி நிற்காது. நம் கவிஞர்களும் புகைப்படக்காரர்களும் பனித்துளி என்று கொண்டாடியவற்றில் எத்தனை பயிரின் சொந்தத் தண்ணீர் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

பனி மேலிருந்து விழுகிறதா, மண்ணிலிருந்து எழும்புகிறதா என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் பனியைப் பற்றிய தன் நூலை வெளியிட்டு அதை முடித்துவைத்தார். அவர் செய்தது எளிய வேலை. பத்துப் பத்து கிரெயின் எடையில் ஆட்டுமயிர்ப் பொதிகளை நிறுத்து வைத்துக்கொள்வது, இரவில் தோட்டத்தில் அங்கங்கே வைப்பது, காலையில் மறுபடி நிறுப்பது. ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயின் என்றால் எவ்வளவு நுணுக்கமான நிறுவை என்று பார்த்துக்கொள்ளலாம். நான்கு மெல்லிய கால்களின்மேல் ஒரு பலகையை நிறுத்தி, மேலே ஒரு பொதி, பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு பொதி என்று வைத்தார். ஓர் இரவில் மேலே இருந்தது 14 கிரெயின் ஈரம் ஏற்றிருந்தது. கீழே இருந்தது 4 கிரெயின்தான். மண்ணிலிருந்து எழும்புவதென்றால் கீழே அல்லவா அதிகம் நனைந்திருக்க வேண்டும்? மழைபோல விழுவதென்றால் கீழே நனைந்தே இருக்கக் கூடாது. பல இரவுகள் இப்படி வைத்தும் நிறுத்தும் அவர் வந்து சேர்ந்த முடிவு இது: வானத்துக்கு முகம் காட்டும் பொருள் இரவில் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அப்படிக் குளிர்ந்த பிறகு, அதைத் தொடும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகிறது. குளிர்ச்சி முன்னே, பனி பின்னே. அந்த நூலுக்காக ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது. ஏற்கெனவே நலிந்த உடம்பு. தோட்டத்து இரவுகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1817இல் இறந்துபோனார்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. தரையும் மச்சும் இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடப்பவை. திண்ணையை யாரும் சேர்க்கவில்லை. பனி பெய்தால் மழை இல்லை என்று இன்னொன்றும் சொல்வார்கள். மேகம் வந்து நிற்கும் இரவில் பனி கொட்டாது, ஏனென்றால் மேகமும் வெல்ஸ் வைத்த பலகைதான். தரை அனுப்பும் சூட்டைத் தரைக்கே திருப்பிவிடும். ஆக, எந்த வானம் மழை தராமல் வெளுத்துக் கிடக்கிறதோ அந்த வானமே பனி தருகிறது.

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் வகுத்துவிட்டு, பின்பனியும் அதற்கு உரியது என்று கூடவே சேர்க்கிறது. உரைகாரர்கள் இதைப் பிரிவின் கணக்கில் விளக்குவார்கள். எனக்கு அது நிலத்தைப் பார்த்தவன் கணக்காகவும் படுகிறது. பகலில் காய்ந்து, இரவில் மறைப்பேதும் இல்லாமல் சூட்டை வாரிக் கொடுத்துவிடும் வெற்று நிலத்தைவிடப் பனி இறங்கத் தோதான இடம் எது? இப்படிப் படிப்பதில் என் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறும் வானம் மட்டும் போதாது, காற்றில் ஈரமும் வேண்டும். சகாராவின் நடுவயிற்றில் குளிர்ச்சி உண்டு, பனிக்கு ஈரம் இல்லை. குஜராத்தின் கச்சுக்கு அரபிக்கடலும், இஸ்ரேலின் தெற்கிலுள்ள நெகேவ் பாலைநிலத்துக்கு மத்தியதரைக்கடலும் ஈரம் அனுப்புகின்றன. வறட்சியும் கடற்காற்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் பனி.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

நல்ல பனி இரவில் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 300 மில்லிலிட்டர். அதாவது ஒன்றிரண்டு தம்ளர். எல்லாம் கூடிவந்தாலும் ஒரு லிட்டரைத் தொட இயற்பியல் விடாது; நீராவி நீராகும்போது வெளிவிடும் சூட்டையும் இலைதான் வானத்துக்குத் தள்ளியாக வேண்டும், அதற்கு ஓர் இரவில் ஒரு வரம்பு உண்டு. 200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 800 லிட்டர், நான்கு பேரல் தண்ணீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய் பிடிக்கும் கடலைக்காடு ஒரு பகலில் ஆவியாக விடுவது ஏக்கருக்குச் சுமார் 12,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி. தினமும் ஒரு லாரி செலவழிக்கிறவன் வீட்டில் நான்கு பேரல் வரவு.

அந்த நான்கு பேரலும் முழுதாகப் புது வரவு இல்லை என்பது இன்னும் சங்கடம். 1957இல், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ஜான் மான்டீத், காற்றிலிருந்து படியும் பனியையும், மண்ணிலிருந்தே ஆவியாகி மேலெழுந்து இலையில் படியும் பனியையும் பிரித்துக் காட்டினார். கரிசலில் மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் ஒரு முழம் தோண்டினால் மண் கையில் ஒட்டும். அந்த ஈரத்தில் கொஞ்சம் இரவில் எழும்பி இலைக்கு வருகிறது. வலது மடியிலிருந்து எடுத்து இடது மடியில் வைத்துக்கொள்வதுபோல. மண்ணிலிருந்து எழும்புகிறது என்று வாதாடிய பழைய கட்சிக்காரர்கள் முழுக்கத் தோற்கவில்லை.

கொண்டைக்கடலையின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். ஐப்பசியில் கரிசல் குடித்த மழையைத்தான் அது தை, மாசிவரை கடன் வாங்கிக் குடிக்கிறது. கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்து பார்த்தால் பனியில் விளைகிறது என்பது பொய். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட வயதில் ஊருக்குப் போய் அம்மிச்சியிடம் சொல்லவும் செய்தேன். “அப்படீங்களா சாமி” என்று கேட்டுக்கொண்டு முறத்தைப் புடைக்கப் போய்விட்டார்.

பனியைப் பெரிதாக நம்பி மோசம்போனவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபிரெடெரிக் சிபோல்ட். கிரிமியாவில், கருங்கடலோரத்து ஃபியோடோசியா நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் பழைய கற்குவியல்களைப் பார்த்தார். அருகே சுட்ட மண்குழாய்த் துண்டுகளும் கிடந்தன. பண்டைய கிரேக்கர்கள் கற்களைக் குவித்து, இரவுக்காற்றின் ஈரத்தை அதில் நீராக்கி, குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அழகான எண்ணம். 1912இல் தாமே ஒன்று கட்டினார்: 20 மீட்டர் அகலத்துக்குக் கிண்ணம்போல ஒரு தளம், அதன்மேல் கடற்கரைக் கூழாங்கற்களை 6 மீட்டர் உயரத்துக்குக் குவித்த மேடு. தண்ணீரும் வந்தது. ஒரு நாளைக்கு 360 லிட்டர்வரை வந்ததாகச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளில் தளம் கசிந்து எல்லாம் நின்றுபோயிற்று. பிற்பாடு தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, அவர் பார்த்து மயங்கிய பழைய குவியல்கள் நீர் பிடிக்கக் கட்டியவை அல்ல, ஈமக்குழிகளின் மேல் எழுப்பிய மேடுகள் என்று தெரிந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. பெல்ஜியத்துப் பொறியாளர் அஷில் நாப்பென் 1930இல் பிரான்சின் தெற்கே திரான்ஸ் என்ற ஊரில் 14 மீட்டர் உயரத்துக்குத் தடித்த சுவரோடு ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கினார். அதுவும் பனி பிடிக்கத்தான். நல்ல இரவிலும் ஒரு வாளி நிறைந்தால் அதிகம். இன்றும் அந்தக் கோபுரம் நிற்கிறது, பார்க்கப் போகிறார்கள். கனமான கல் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் வைத்துக்கொண்டிருக்கும். அது குளிர்வதற்குள் விடிந்துவிடும். பனிக்கு வேண்டியது கனமில்லாத, மெலிந்த, வானத்துக்கு விரிந்து கிடக்கும் பரப்பு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் கிரிஜா சரண் கச்சில் கோத்தாரா பக்கம் தகரக் கூரைகளிலும் பிளாஸ்டிக் தாள்களிலும் பனியை வழித்துக் காட்டினார். புல்லிதழ் அந்த வடிவத்துக்கு என்றைக்கோ வந்துவிட்டது.

நெகேவிலும் கற்குவியல்கள் உண்டு. மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில். அங்கிருந்த பெதுயின் நாடோடிகள் அவற்றைத் திராட்சை மேடுகள் என்று அரபியில் அழைத்தார்கள். ஒவ்வொரு குவியலின் அடியிலும் ஒரு கொடியை நட்டு, கல்லில் படியும் பனியை அதற்கு ஊட்டினார்கள் பண்டைய நபத்தேயர்கள் என்று ஒரு விளக்கம் வெகுநாள் உலவியது. சிபோல்டின் கனவேதான், வேறு ஊரில். தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி, தோழர்கள் ஷனான், தட்மோர் ஆகியோருடன் 1950களின் இறுதியில் அவ்தாத் என்ற பழைய நகரத்தின் அடியில் ஒரு பண்ணையை மீட்டெடுத்தார். சரிவில் கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் வேகமாக ஓடிக் கீழே வயலுக்கு வரும் என்று சோதித்துக் காட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் குவியல்கள் ஓடும் நீரைக் கூட்டுவதற்குச் செய்த துப்புரவின் மிச்சம். ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தொடாத இடத்தில் அவர்கள் பழமரங்களும் பயிரும் வளர்த்தது அந்த ஓட்டநீரில்தான், பனியில் அல்ல.

அதற்காகப் பனியை அவர்கள் தள்ளிவிடவில்லை. அளந்தார்கள். ஆண்டில் 200 இரவுகளை ஒட்டிப் பனி. கூட்டினால் 30 மில்லிமீட்டர் அளவு. மழை பொய்த்த ஆண்டில் மழையைவிடப் பனியின் கை ஓங்கியதும் உண்டு. அளக்கும் கருவியும் அந்த நாட்டில் பிறந்ததுதான். ஷ்முவேல் டுவ்தெவானி 1940களில் ஒரு சிறு மரக்கட்டைக்கு வண்ணம் பூசி, மாலையில் வெளியே வைத்து, சூரியன் எழுமுன் அதன்மேல் படிந்த துளிகளின் தோற்றத்தை ஏற்கெனவே எடுத்துவைத்த படங்களோடு ஒப்பிட்டு அளவு சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டு வேளாண் வானிலை நிலையங்களிலும் இந்தக் கட்டையைப் பயன்படுத்தினார்கள். கண்ணால் நிறுப்பது. பயிரை இரவில் மூடி வளர்த்தும், திறந்து வளர்த்தும் அவர் பார்த்தார். பனி பட்ட பயிர் செழித்தது. மூடினால் பனியோடு குளிரும்தான் தடைபடும், ஆகவே பெருமை முழுவதையும் பனிக்குக் கொடுக்க எனக்குத் தயக்கம்.

நெகேவில் பனியை மட்டுமே நம்பி வாழ்கிற ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லைத்தான் பார்க்க வேண்டும். நம் மசாலாவில் போடும் கல்பாசியின் சொந்தக்காரப் பாசி ஒன்று, ராமலினா மாசிஃபார்மிஸ் என்று பெயர், அங்கே வடக்குப் பார்த்த பாறைகளில் வளர்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஓட்டோ லாங்கே அதன் ஒரு நாளைக் கருவிகள் வைத்துப் பின்தொடர்ந்தார். இரவில் பனியை உறிஞ்சி விழிக்கிறது. சூரியன் எழுந்ததும் உணவு தயாரிக்கத் தொடங்குகிறது. சுமார் மூன்று மணி நேரத்தில் ஈரம் போய்விடும். மொறுமொறுவென்று காய்ந்து மறுபடி செத்தாற்போலக் கிடக்கும், அடுத்த பனிவரை. அதற்கு வேரும் இல்லை, கடன் கொடுக்கக் கரிசலும் இல்லை. ஒரு நாளில் மூன்று மணி நேர வாழ்க்கை. அந்த வருமானத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது, மிக மிக மெதுவாக.

லாங்கேயின் பாசியைப் பற்றிப் படித்த பிறகுதான் கடலைக்காட்டுக் கணக்கை நான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று தோன்றியது. லிட்டரில் போட்டேன். மணியில் போட்டிருக்க வேண்டும். விடிந்ததும் விழும் வெயிலின் சூடு முதலில் இலைமேல் இருக்கும் பனியை ஆவியாக்கத்தான் செலவாகிறது. அது தீரும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் இலை குளிர்ந்தே இருக்கும், சுற்றிலும் காற்று ஈரமாக இருக்கும். செடி இலைத்துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், சொந்த நீர் அதிகம் போகாது. பகலில் இழந்ததை இரவில் வேர் ஈடுகட்டி முடித்திருக்க, காலையில் செலவு தாமதமாகத் தொடங்குகிறது. கரிசலின் இருப்பு கரைந்துகொண்டே வரும் தை, மாசியில், காய் முற்றும் அந்த மூன்று நான்கு வாரத்தில், தினமும் காலையில் இப்படி ஒன்றிரண்டு மணி நேரம் செலவு தள்ளிப்போனால் அது சிறிய உதவி அல்ல.

இந்தச் செடி வெறுமனே வாங்கிக்கொண்டும் இருப்பதில்லை. அதன் இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் உள்ள நுண்மயிர்கள் மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் சுரக்கின்றன. பனி அதைக் கரைத்துச் செடி முழுக்கப் பூசிவிடுகிறது. என் காலை எரித்தது அதுதான். காய்ப்புழுவுக்கும் அது ஆகாது: பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிலையத்தில் 1990களில் நடந்த ஆய்வில், ஆக்சாலிக் அமிலம் அந்தப் புழுவின் வளர்ச்சியைக் குன்றச்செய்வது தெரிந்தது. மழை வந்தால் அந்தப் புளிப்பைக் கழுவிவிட்டுப் போய்விடும். பூவெடுத்த பிறகு மழை வேண்டாம் என்று ஊரார் முகம் சுளித்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம். முன்பெல்லாம் வெளுத்த வேட்டியை இரவில் கடலைச்செடிமேல் விரித்து வைத்து, காலையில் பிழிந்து, அந்தப் புளிப்பு நீரைப் பீங்கான் சாடியில் வைத்துக்கொள்வார்கள், வயிற்றுப் பொருமலுக்கு. சித்த வைத்தியர்கள் இதைக் கடலைப் புளிப்பு என்பார்கள். வெல்ஸின் ஆட்டுமயிர்ப் பொதிக்கும் இந்த வேட்டிக்கும் செய்முறையில் அதிக வித்தியாசம் இல்லை.

எல்லாப் பயிருக்கும் பனி உறவுக்காரன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்று பூஞ்சைகளும் கணக்கு வைத்திருக்கின்றன. நிலக்கடலையில் வரும் டிக்கா இலைப்புள்ளிக்கும், திராட்சையின் அடிச்சாம்பலுக்கும் அந்த ஈரம்தான் வாசல். பனியில் விளையும் என்று சொன்ன அதே வாய், பனியில் போய்விட்டது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அம்மிச்சி போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் காட்டில் இப்போது தென்னை நிற்கிறது. உடுமலை வட்டாரம் முழுக்க அப்படித்தான் மாறிவிட்டது. சொட்டுநீர்க் குழாய் போட்டு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து விடுகிறார்கள். போன தை மாதம் விடிவதற்குமுன் போய் நின்றேன். வரப்புப் புல்லில் நடந்தபோது கால் நனைந்தது, அரிக்கவில்லை. மரங்களுக்குள் போனதும் ஈரம் நின்றுவிட்டது. ஓலைகள் வானத்தை மறைத்துக்கொண்டிருந்தன. அடியில் மண் காய்ந்தே கிடந்தது.